அழுத பிறகு கிடைத்த மரியாதை

மனோரமாவைப் பற்றி நம் வட்டத்தில் யாரும் உருப்படியாக நாலு பக்கம் எழுதியதில்லை. எழுத அவசியம் இருப்பதாக நினைத்ததும் இல்லை. போன மாதம் வேலூரில் நாலைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். ஒரு நண்பர், நல்ல கவிஞர், உடனே ஒப்புக்கொண்டார்: “பெரிய ஆர்ட்டிஸ்ட்தான், சந்தேகமில்லை. ஆனால்...” அந்த ‘ஆனால்’ முடியவே இல்லை. டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இந்தக் கட்டுரை அந்த ‘ஆனால்’ பற்றியது.

முதலில் வெகுஜனப் பத்திரிகைகளின் கணக்கை முடித்துவிடலாம். 2015 அக்டோபர் 10-ஆம் தேதி மனோரமா இறந்தார். அதற்கடுத்த நாட்களில் வந்த அஞ்சலிகளில் நான்கு விஷயங்கள் தவறாமல் இருந்தன. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸில் இடம் பெற்றவர். ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர். ‘பெண் சிவாஜி’. ‘ஆச்சி’. படங்களின் எண்ணிக்கை ஒரு பத்திரிகையில் 1000, இன்னொன்றில் 1200, மற்றொன்றில் 1500. நான் பாங்க் குமாஸ்தா. மூன்று லெட்ஜரில் மூன்று தொகை இருந்தால் கணக்கு எழுதியவர் எவரும் சரக்கைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் டேனரிகளில் தோலை எண்ணுகிறவர் வேறு, ரகம் பிரிக்கிறவர் வேறு. எண்ணத் தெரிந்தவரெல்லாம் ரகம் பிரித்துவிட முடியாது. மனோரமாவுக்கு எண்ணுகிறவர்கள் மட்டுமே கிடைத்தார்கள்.

ஐந்து முதலமைச்சர்கள் என்பது இன்னும் விசேஷம். அண்ணாதுரையோடும் கருணாநிதியோடும் மேடையில், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் ஆகியோரோடு திரையில். ஒரு நடிகையின் கலைக்கு இது எப்படிச் சான்றாகும்? அவர் பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாடு கோட்டைக்குப் போனார்கள் என்பது அவர்களுடைய ஜாதக விசேஷம். ‘பெண் சிவாஜி’ என்ற பட்டமும் இந்த ஜாதிதான். உயர்ந்த நடிப்பு என்றால் அது ஓர் ஆணின் சொத்து, இந்த அம்மாளுக்கு அதில் ஒரு கிளை திறந்து கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். இத்தனைக்கும் இருவர் நடிப்பும் ஒரே தன்மையுடையது அல்ல. சிவாஜி கணேசன் வசனத்தை நிமிர்த்தி நிறுத்திப் பேசுகிறவர்; பார்க்கிறவனுக்கு வசனமும் வேண்டும், நிறுத்தலும் வேண்டும். மனோரமா வசனத்தை எழுதினவனிடமிருந்து பறித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறவர். எழுதப்பட்டது என்ற ஞாபகமே நமக்கு வருவதில்லை.

இனி நம்மவர்கள். வெகுஜனப் பத்திரிகை ஒருவரைக் கொண்டாடினால் அவரைப் பற்றி மௌனம் சாதிப்பது நமக்குத் தூய்மைவாதம் ஆகிவிட்டது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ லட்சுமியைப் பேசலாம். ‘பசி’ ஷோபாவை, ‘வீடு’ அர்ச்சனாவைப் பேசலாம். பேசவேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பின்னால் ஒரு ஜெயகாந்தன், ஒரு பீம்சிங், ஒரு துரை, ஒரு பாலு மகேந்திரா இருந்தார்கள். முழுப் படமும் அந்தப் பெண்ணைப் பற்றியதாக இருந்தது. காமிரா அவளுக்காகக் காத்திருந்தது. மனோரமாவுக்குக் காமிரா காத்திருந்ததே இல்லை. கதாநாயகன் உடை மாற்றுகிற நேரத்தில் கிடைக்கிற எட்டு நிமிஷத்தில் ஒரு முழு ஸ்திரீயை அவர் நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல சூழ்நிலையில் விளைந்த நடிப்பை மட்டுமே பார்க்கத் தெரிந்த விமர்சனம், ரேஷன் கடை க்யூவில் நின்று வாங்கிய நடிப்பைப் பார்க்கக் கூச்சப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு அதிகம் வேண்டாம். மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர். தகப்பன் கைவிட்ட குடும்பம். தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் நாடகத்துக்கு வந்து, வைரம் நாடக சபாவிலும் பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்திலும் நடித்து, கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் 1958-இல் திரைக்கு வந்தார். அதில் கதாநாயகி வேடம் இல்லை, நகைச்சுவை வேடம். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கொஞ்சும் குமரி’யில் ஆர்.எஸ். மனோகரோடு கதாநாயகியாக நடித்தார். அது ஒரு புதிய வாசலைத் திறந்துவிடவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து 1988-இல் ஏவி.எம். அவரைத் தலைப்பிலேயே ஏற்றியது: ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’. குமரிக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு பெண் வாழ்ந்தே தீர்க்கிற முழு வயசும் கிடக்கிறது. அந்த வயசை நம் சினிமா அவரை மையமாக வைத்துப் பார்க்கவில்லை. காமெடி டிராக்கில் போட்டு ஓட்டியது.

அதே காலத்தில் அவருடைய ஜோடியாக நடித்த நாகேஷுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’. 1965-இல் ‘நீர்க்குமிழி’. 1968-இல் ‘எதிர்நீச்சல்’. ஒல்லியான, அம்மைத் தழும்பு முகமுள்ள ஒரு நகைச்சுவை நடிகனுக்குள் ஒரு துக்கம் இருக்கிறது என்று கே. பாலசந்தருக்குத் தெரிந்தது; அவனை மையமாக வைத்து எழுதினார். நல்ல காரியம். ஆனால் அதே பாலசந்தர் 1967-இல் ‘அனுபவி ராஜா அனுபவி’ எடுத்தபோது மனோரமாவும் அதில் இருந்தார். நாகேஷுக்கு இரட்டை வேடம். மனோரமா தூத்துக்குடிப் பேச்சுப் பேசுகிற ஜோடி. ஒரு சர்வர் சுந்தரி பற்றி யாருக்கும் தோன்றவில்லை. கோமாளி அழுதால் அது தத்துவம். கோமாளிப் பெண்ணுக்கு அழுவதற்கு அந்தரங்கம் உண்டென்றே யாரும் சந்தேகப்படவில்லை. இதை நான் பாலசந்தர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. பெண்களைப் பற்றிப் படமெடுப்பவர் என்று பெயர் வாங்கியவரின் கண்ணிலேயே இது படவில்லை என்றால், கண் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேட்கிறேன்.

இங்கே ‘வெர்ஸடைல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். நம் ஆங்கிலப் பத்திரிகைகள் அவருக்கு நிரந்தரமாக ஒட்டிய அடைமொழி அது; தமிழில் ‘எந்த வேடமும் தாங்குபவர்’. பி.ஏ. ஆங்கிலம் படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே லாபம் அகராதி பார்க்கிற பழக்கம். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் திரும்பக்கூடியது, திருப்பக்கூடியது என்று பொருள். எந்தப் பக்கமும் திருப்பலாம். அப்படியானால் திருப்பியது யார்? பிராமணப் பேச்சா, சரி. கொங்குப் பேச்சா, சரி. மீனவப் பெண்ணா, வேலைக்காரியா, அசட்டு மாமியா, சரி சரி. இது நடிகையின் ஆற்றல் என்று மட்டும் வியந்து நிறுத்திக்கொள்கிறோம். கேட்கிறவர்களுக்கு அவர் ‘முடியாது’ என்று சொல்ல இயலாத இடத்தில் இருந்ததும் இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. தாய், மகன், தான் என்று மூன்று பேர் வயிறு அந்தச் ‘சரி’யில் தொங்கியது. பெரிய கதாநாயகனை யாரும் ‘எந்த வேடமும் தாங்குபவர்’ என்று முதலில் புகழ்வதில்லை. அவனுக்காக வேடம் வெட்டித் தைக்கப்படுகிறது.

‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு வருகிறேன். 1968, ஏ.பி. நாகராஜன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று: நாதஸ்வரம், பரதம், சிவாஜியின் விரல், பத்மினியின் அபிநயம். ஜில் ஜில் ரமாமணியை எல்லோரும் ரசித்தோம், யாரும் படிக்கவில்லை. இந்தக் கதையின் நடுநாடி என்ன? தாசி குலத்தில் பிறந்த ஓர் ஆட்டக்காரி, பணக்காரர்களின் ஆசைக்குத் தப்பி, ஒருவனுக்கே உரியவளாகி, கௌரவமான மனைவியாக வெளியே வருவது. மோகனாவுக்கு அந்தக் கதவு திறக்கிறது. ரமாமணியும் ஆட்டக்காரிதான், ஊர் ஊராகப் போகும் நாடகக்காரிதான். அவளுக்கு அந்தக் கதவு இல்லை. ஏனென்றால் அவள் கலை சாஸ்திரத்தில் இல்லை. பரதத்துக்குக் கோவில் சாட்சி உண்டு. கூத்து மேடைக்குப் பெட்ரோமாக்ஸ்தான் சாட்சி. இதே கலையில் பத்து வருஷம் முன்பு வரை சோறு தின்ற மனோரமா அந்த வேடத்தைச் செய்கிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தன் தொழிலைக் கேலி செய்யச் சொல்லி எழுதப்பட்ட வேடம் அது. அவர் கேலி செய்யவில்லை. மினுக்குகிற நடை, ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பெருமை பேசுகிற அசட்டுத்தனம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை உண்மையான பெருமை. ‘என் கம்பெனி’ என்கிற தொனியில் ஒரு முதலாளியின் மிடுக்கு இருக்கிறது.

அந்தப் படத்தில் அவள் நாயனக்காரனிடம் ஒன்று கேட்கிறாள்: இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று. தியேட்டர் ஐம்பது வருஷமாகச் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். யோசித்துப் பாருங்கள், நம் பத்திரிகைகளில் உருவம், உள்ளடக்கம் என்று பத்து வருஷம் சண்டை போட்டு நாம் கேட்டது வேறென்ன? கருவியில் இருக்கிறதா, ஊதுகிறவனிடம் இருக்கிறதா? படிக்காத ஒரு கூத்துக்காரி, சங்கீதத்தின் முன் முதல் தடவை ஸ்தம்பித்து நிற்கிறவள், தன் பாஷையில் அதைக் கேட்கிறாள். மனோரமா அந்த வரியைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். தெரிந்துகொள்ளவேண்டும் என்று கேட்கிறார். முகத்தில் ஒரு குழந்தையின் கவனம். சிரிப்பு நம்முடையது.

இந்தச் ‘சிரிப்பு நம்முடையது’ என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எனக்கும் எங்கள் ஊருக்கும் இதில் நேரடியான பங்கு இருக்கிறது.

அவருடைய சாதனைகளில் முதலில் சொல்லப்படுவது மெட்ராஸ் பாஷை. ‘பொம்மலாட்டம்’ படத்தில், அதுவும் 1968, வி. குமார் இசையில் அவரே பாடிய பாட்டு ஒன்று போதும். செட்டிநாட்டில் வளர்ந்த ஒரு பெண் சென்னைக் குப்பத்தின் நாக்கை இப்படிப் பிடித்தது அதிசயம்தான். ஆனால் மெட்ராஸ் பாஷை என்று சினிமா பெயர் சூட்டியது எது? ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’, ‘சொல்லிகினு’. இவை ரிக்‌ஷாக்காரன் கண்டுபிடித்த ரவுடிச் சொற்கள் அல்ல. செங்கல்பட்டிலும் வட ஆற்காட்டிலும் ஜனங்கள் வீட்டில் பேசுகிற தமிழ். ஆம்பூரில், குடியாத்தத்தில், ஆற்காட்டில், பாலாற்றின் இரண்டு கரையிலும் தாய் பிள்ளையைக் கூப்பிடுவது இதில்தான். செத்தவனுக்கு ஒப்பாரி வைப்பதும் இதில்தான். கொஞ்சம் உருது, கொஞ்சம் தெலுங்கு கலந்திருக்கும். தஞ்சாவூர்த் தமிழுக்கு ஜானகிராமன் கிடைத்தார், நெல்லைக்குப் புதுமைப்பித்தன், கரிசலுக்கு ராஜநாராயணன். எங்கள் தமிழை ஊரறியச் செய்தது வெள்ளித்திரை. அங்கே அது ஆரம்பத்திலிருந்தே ஜோக்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்ப இறக்கிவிடும். அவர்களில் ஒருத்தி, புருஷன் செத்த பிறகு அவன் கணக்கில் இருந்த பணத்துக்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தாள். “இன்னா சார், ஒரு கையெழுத்துக்கு மூணு வாரமா இஸ்துகினு கீறீங்க” என்றாள். குரல் உயரவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “மனோரமா தோத்துப் போகணும்மா உங்கிட்ட” என்றார். க்யூ சிரித்தது. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். கையெழுத்து அன்றும் ஆகவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. சினிமா அவர் காதுக்குக் கொடுத்த பயிற்சி அது. இந்தத் தமிழ் காதில் விழுந்தவுடன் அர்த்தத்தைக் கேட்காதே, ரசி என்கிற பயிற்சி. ஒரு கோபத்தை நகைச்சுவைத் துணுக்காக மாற்றிக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிற சாமர்த்தியம். இதற்கு மனோரமா பொறுப்பா? அப்படிச் சொல்கிற அவசரம் நம்மவர்களிடம் உண்டு. அடித்தட்டு மக்களைக் கேலிப்பொருளாக்கினார் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதி, முற்போக்குக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் அந்தப் பேச்சைப் பேசிய விதத்தைக் கேளுங்கள். மற்ற நடிகர்கள் மெட்ராஸ் பாஷை பேசும்போது குரலைக் கரகரப்பாக்கி, தங்களுக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவே ஒரு முழ தூரம் வைப்பார்கள்: நான் இவன் அல்ல, இவனைக் காட்டுகிறேன் என்று. மனோரமாவிடம் அந்தத் தூரம் இல்லை. அவர் அந்த வாக்கியத்துக்குள் குடியிருக்கிறார். மூச்சு எங்கே இழுப்பாள், எந்தச் சொல்லை முழுங்குவாள் என்பது வரைக்கும். எழுதியவர்கள் ஜோக் எழுதிக்கொடுத்தார்கள். அவர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆளைப் பார்க்காமல் ஜோக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது பார்வையாளன்.

ஷூவில் லைனிங் என்று ஒன்று உண்டு. வெளித்தோலுக்குத்தான் பாலிஷ், பிராண்ட், ஏற்றுமதி விலை எல்லாம். உள்ளே காலோடு உரசிக்கொண்டு, வேர்வையைக் குடித்துக்கொண்டு கிடப்பது லைனிங். அது நைந்தால் ஷூ நடக்க உதவாது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று லைனிங்கைப் பாராட்டியவனை நான் கண்டதில்லை.

1986-இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’. விசுவின் படம், தேசிய விருது வாங்கிய படம். வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. அந்த வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவள் வாயால் சொல்லவைக்கிறார் விசு. கோடு கிழித்துப் பிரிந்த வீட்டில் கோட்டைத் தாண்டி நடக்கிற உரிமை அவளுக்குத்தான் இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கு அந்த வீட்டில் பங்கு இல்லை. ஆனால் கடைசித் தீர்ப்பு, தனியாக இருப்பதே மேல் என்கிற அந்த முடிவு, மூத்த மருமகளான லட்சுமிக்கு. வேலைக்காரிக்கு வாய் கொடுப்பார்கள். முடிவு கொடுக்க மாட்டார்கள். மனோரமாவின் தாயும் இன்னொருவர் வீட்டில் வேலை செய்தவர் என்பதை இந்த இடத்தில் எந்த விமர்சகனும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் சரிவு. இதை எல்லோரும் உயர்வு என்கிறார்கள். நகைச்சுவை நடிகை ‘குணச்சித்திர நடிகை’யாகப் பதவி உயர்வு பெற்ற காலம்! இந்தக் ‘குணச்சித்திரம்’ என்ற சொல் ஒரு மோசடி. ஜில் ஜில் ரமாமணிக்குக் குணம் இல்லையா, சித்திரம் இல்லையா? தமிழ் சினிமாவில் குணச்சித்திரம் என்றால் அழுகை என்று அர்த்தம். ‘சின்னத் தம்பி’யில், 1991, விதவைத் தாயை அவமானப்படுத்துகிற அந்தக் காட்சி. ‘ஜென்டில்மேன்’, 1993, மகன் படிப்புக்காக உயிரை விடுகிற தாய். கதாநாயகனின் கோபத்துக்குக் காரணம் தேவைப்படும்போதெல்லாம் மனோரமா அடிபடுவார், அழுவார், சாவார். அழுகையை அவர் நன்றாகவே செய்தார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த அழுகையை அவருக்கு முன்னால் கண்ணாம்பா முதல் பண்டரிபாய் வரை எத்தனையோ பேர் செய்தாயிற்று. ஜில் ஜில்லை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

1989-இல் பார்த்திபனின் ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது, துணை நடிகைக்கானது. அந்தத் துணை நடிகை விருதே 1984-ஆம் வருஷப் படங்களிலிருந்துதான் கொடுக்கத் தொடங்கினார்கள். ரமாமணிக்குக் கொடுத்திருக்க வேண்டுமென்றால் கொடுக்க ஒரு தட்டே இல்லை. விருது வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கிழவி வேடம். பத்மஸ்ரீ 2002-இல். சிரித்தபோது அவர் காமெடி. அழுத பிறகு அம்மா. கிழவியான பிறகு ஆச்சி. ஒரு பெண் தன் உடம்பையும் குறும்பையும் ஆசையையும் ஒப்படைத்துவிட்ட பிறகுதான் இந்தச் சமூகம் எழுந்து நின்று கும்பிடுகிறது.

ஆசை என்று சொன்னதால் ‘நடிகன்’ பற்றி ஒரு வார்த்தை. 1990, பி. வாசு. கிழவர் வேஷம் போட்ட சத்யராஜ் மேல் காதல் கொள்கிற முதிர்கன்னி. கதையில் அவள் கேலிப்பொருள்; வயசான பெண்ணுக்குக் காதலா என்பதே ஜோக். மனோரமா அந்தப் பெண்ணை வெட்கப்பட வைக்கிறார். காலம் கடந்து வந்த வெட்கம், அதைப் பொத்திவைக்கத் தெரியாத வெட்கம். குலுங்கிச் சிரிக்கிற படத்தின் நடுவில் அவர் முகத்தில் இரண்டு மூன்று இடங்களில் இன்னொரு படம் ஓடுகிறது. அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை. நம்மில் கதை எழுதுகிறவர்களும் எழுதவில்லை.

“அவரே திருப்தியாகத்தானே இருந்தார், உங்களுக்கென்ன?” என்று கேட்பார்கள். இருந்திருக்கலாம். 1996 தேர்தலில் அ.தி.மு.க. மேடையில் ரஜினிகாந்தைத் தாக்கிப் பேசினார். அதன்பின் வாய்ப்பில்லாமல் இருந்தவருக்கு 1997-இல் ‘அருணாச்சலம்’ படத்தில் இடம் கொடுத்து உதவினார் ரஜினிகாந்த். இதை ரஜினியின் பெருந்தன்மைக்கு உதாரணமாக இன்றைக்கும் சொல்கிறார்கள். பெருந்தன்மைதான். நாற்பது வருஷம் நடித்த ஒரு கலைஞரின் பிழைப்பு ஒரு நடிகரின் பெருந்தன்மையில் நின்றது என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட தொழிலில் இருக்கிறவர் தன் திருப்தியைப் பற்றிச் சொல்வதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது.

‘பதேர் பாஞ்சாலி’யின் இந்திர் தாக்ருணைப் பற்றி நம் பத்திரிகைகளில் எவ்வளவு உருகியிருக்கிறோம்! சுனிபாலா தேவி, நாடக மேடையில் கழிந்துபோன ஒரு மூதாட்டியை சத்யஜித் ராய் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த கதையை மனப்பாடமாகச் சொல்வோம். சரி. நம் நாடக மேடையிலிருந்து வந்தவள் ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் கண் முன்னால் நடித்துக்கொண்டிருந்தாள். தேடிப்பிடிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. பக்கத்துத் தியேட்டரில் மூன்று காட்சி. நமக்கு ஒரு ராய் கிடைக்கவில்லை என்று முனகுகிறோமே, ஒரு விமர்சகன் கிடைக்கவில்லை என்று ஏன் சொல்வதில்லை? ராய் வருவதற்குப் பணம் வேண்டும், காமிரா வேண்டும். விமர்சகன் வருவதற்குப் பேனாவும் கூச்சமின்மையும் போதும்.

ஆகவே ஆசிரியர் குழு நண்பர்களுக்கு: ஓர் இதழின் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். அஞ்சலிக் கவிதைகள் வேண்டாம். ‘கொஞ்சும் குமரி’யில் தொடங்கி ஒரு இருபது படம் எடுத்துக்கொள்வோம். காமெடி டிராக்கை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்து, அவர் பேசியதைப் பேசியபடியே, மூச்சோடு, எழுதியெடுப்போம். எந்த ஊர்ச் சொல், யார் வீட்டுச் சொல், வசனகர்த்தா எழுதியதா அவர் வாயில் வந்ததா என்று தெரிந்தவர்களைக் கேட்டுக் குறிப்போம். வட ஆற்காட்டுப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டுச் சரிபார்க்க எங்கள் கிளையில் மாதம் 7-ஆம் தேதி சம்பளம் எடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.